கணினியின் கண்ணும் கழிவு சேகரிப்போரின் கையும்

பெங்களூருவின் குப்பையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கையாளும் முயற்சிகளை மதிப்பிடுவோர், அந்நகரின் சிக்கல் எங்கே தொடங்கியது என்பதை முதலில் காண வேண்டும். சுற்றியிருந்த சிற்றூர் மக்களின் எதிர்ப்பால் 2012-இல் மாவள்ளிப்புராவிலும் 2014-இல் மண்டூரிலும் குப்பை கொட்டுவது நின்றபோது, கலந்து குவிந்த கழிவைப் பின்னர் பிரிப்பது மிகக் கடினம் என்பதை நகரம் உணர்ந்தது. ஈரக் கழிவு, உலர் கழிவு, எஞ்சிய கழிவு என வீட்டிலேயே பிரிக்கும் ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-இல் கட்டாயமாக்கியது.

உலர் கழிவைப் பொறுத்தவரை, ஏராளமான படங்களைக் காட்டிப் பொருள்களை அடையாளம் காணப் பழக்கும் ‘கணினிப் பார்வை’ பயனுள்ளதே. எந்த வார்டிலிருந்து எவ்வகை நெகிழி எவ்வளவு வந்தது என்று அது சோர்வின்றிக் கணக்கிடுமானால், வார்டுகளின் உலர் கழிவுச் சேகரிப்பு மையத்தினர் மறுசுழற்சி ஆலைகளுடன் விலை பேசுவதற்கு அக்கணக்கு வலுச் சேர்க்கும். ஆயினும் பழக்கிய படங்களின் எல்லையே அதன் அறிவின் எல்லை. ஆய்வுகளில் பெரிதும் கையாளப்பட்ட ‘டிராஷ்நெட்’ என்ற 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருப்பவை, வெள்ளைப் பின்னணியில் எடுத்த சுமார் 2,500 படங்களும் ஆறு வகைகளும் மட்டுமே. கசங்கி மண் படிந்த பால் கவருக்கு அங்கே இடமில்லை. தமிழ் பேசுவோரும் கணிசமாக உள்ள பெங்களூருவின் கழிவு சேகரிப்போர், நெகிழியை நிறம், தடிமன், கசக்கும்போது எழும் ஒலி ஆகியவற்றாலேயே பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். 2011-இல் மாநகராட்சி அடையாள அட்டை வழங்கி ஏற்றுக்கொண்ட இவர்களின் கைத்திறனைப் படங்களாக்கி எந்திரத்துக்குப் புகட்டிவிட்டு, அதன் வருவாயில் பங்கு தராமலிருப்பது அநீதியாகும்.

இதனினும் பெரிய குறை தெருமுனைகளில் உள்ளது. குப்பை சேகரிக்கும் ஆட்டோ டிப்பர் வண்டி நுழைய முடியாத சந்துகளில் வாழ்ந்து, வண்டி வருமுன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடும் குடும்பங்களுக்குக் குப்பையைத் தெருமுனையில் வைப்பதன்றி வேறு வழி அரிது. அங்கே பொருத்தப்படும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா, குப்பையை வைத்தவரின் முகத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, வராத வண்டியைப் பதிவு செய்வதில்லை. சேவையின் குறை குடிமக்களின் குற்றமாக உருமாறுவது இப்படித்தான். ஆகவே, இத்தொழில்நுட்பத்தை முதலில் வண்டிகளின் வருகையைக் கணிக்கவும், விடுபடும் சந்துகளைக் கண்டறியவும் நிர்வாகம் பயன்படுத்த வேண்டும். தரம் பிரிக்கும் கருவிகளை, வார்டு மையங்களை நடத்தும் கழிவு சேகரிப்போரின் உடைமையாகவே வழங்க வேண்டும்.