ரோம் அழைப்பு

சின்னப் பிரசுரந்தான், மூன்று தடவை படித்தேன். செயற்கை அறிவுக்கு எது தர்மம் என்று சொல்ல வந்த 'ரோம் அழைப்பு', 2020 பிப்ரவரி 28-ஆம் தேதி ரோமில் கையெழுத்தாயிற்று. கத்தோலிக்கப் பெரியவர்களோடு மைக்ரோஸாப்டும் ஐ.பி.எம்.மும் கையெழுத்திட்டன. 2023 ஜனவரியில் யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில், ஹிரோஷிமாவில், கீழ்நாட்டுச் சமயத்தாரும் சேர்ந்தார்கள்.

வெளிப்படை, ஒருவரையும் விலக்காமை, பொறுப்பு, பாரபட்சமின்மை, நம்பகம், அந்தரங்கப் பாதுகாப்பு என்று ஆறு கொள்கைகள். இதில் எதை ஆட்சேபிக்க முடியும்? அதுதான் என் ஆட்சேபம். எல்லோருக்கும் சம்மதமாக எழுதப்போய் வாக்கியங்கள் முனை மழுங்கிவிட்டன. யந்திரத்தை விற்கிறவரும் கையெழுத்திடலாம், அதைக் கண்டு அஞ்சுகிறவரும் கையெழுத்திடலாம். ரப்பியும் பிக்ஷுவும் எந்த இடத்தில் முரண்பட்டார்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால் எனக்குப் போதும். (கதை எழுதுகிறவன் புத்தி!)

ஹிரோஷிமாவைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1945-இல் குண்டு விழுந்த பிறகுதான் அதைச் செய்தவர்களில் சிலர் மனம் கலங்கினார்கள். பிரசுரம் சொல்லாததை அந்த ஊர் சொல்லிவிடுகிறது.

இளைய தலைமுறைக்காகவும், அவர்களோடு சேர்ந்தும் எதிர்காலத்தை அமைக்க வேண்டும் என்று ஓரிடத்தில் வருகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் காட்டினேன்.

"'எங்களுக்காக' தெரிகிறது அப்பா. 'எங்களோடு' எங்கே?" என்றாள்.

கட்டுரையை யந்திரத்திடம் எழுதி வாங்கலாமா என்று அவள் வகுப்பில் தினம் சண்டை. வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள் என்பது அவள் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடினோம். பிரசுரம் அவளிடந்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறாள்.