கும்மி வட்டம்

கும்மிக்கு வாத்தியம் வேண்டாம், கை போதும். உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால் ஒரு கனம், விரித்துத் தட்டினால் ஒரு கலகலப்பு. பார்வையில்லாதவருக்கு அந்த ஓசையே வட்டத்தின் அளவைச் சொல்லிவிடும். காது கேளாதவர் எதிரே சாயும் தோளைப் பார்த்துத் தாளம் பிடிப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவர் குனிய வேண்டியதில்லை. மற்றவர்கள்தான் குனிந்து அவர் உயரத்துக்கு வருகிறார்கள்.

அம்பிகா காமேஷ்வர் 1989-இல் தொடங்கிய சென்னை 'ரசா'வில், சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு ஆடலும் பாடலும் பாடம். எல்லோரும் சேர்ந்து ஆடப் பொறுமை வேண்டும்; அதைப் பழக, சென்னையை அடுத்த அத்திப்பட்டில் வாசல் தெளித்த தெரு ஒன்று போதும். பிந்திவரும் ஒரு கைக்காக அடுத்த அடி காத்திருக்கும். கும்மிடிப்பூண்டி ரயில் தடதடத்துக் கடக்கையில் தட்டு தப்பலாம். எதிர்வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்துக்கொடுப்பார்.