அறிவிப்பும் அண்மையும்

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் நிமித்தம் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. அவ்விடைக்காலத்தில் திருச்சபைப் பள்ளிகள் பலவும் கைப்பேசி வழியே பெற்றோர்க்கு அறிவிப்புகளை அனுப்பின. அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும், அனுப்பியதையே அறிவித்ததாகக் கொள்ளும் மனப்பான்மையை நாம் ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தை எண்ணுவோம். தொழிலாளர் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி பெரும்பாலும் தந்தையோடு ஆலைக்குச் சென்றுவிடும். திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் உழைக்கும் ஒடிசாக் குடும்பங்களோ தமிழ் எழுத்தை வாசிக்க அறியார். இத்தகையோர்க்கு எழுத்து வடிவ அறிவிப்பு சென்று சேர்வதில்லை.

1527இல் கொள்ளைநோய் தாக்கியபோது விட்டன்பர்க் பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம்பெயர்ந்தது. லுத்தரோ நகரிலேயே தங்கினார். அவ்வாண்டு அவர் எழுதிய நிருபம், மருந்தையும் எச்சரிக்கையையும் புறக்கணிப்போரைக் கண்டிக்கிறது. துன்புறும் அயலானைக் கைவிடுவோரையும் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பற்றுவதே லுத்தரன் மரபு. அறிவிப்போடு நின்றுவிட்ட பள்ளி, எச்சரிக்கையைக் காத்து அண்மையை இழந்தது எனலாம்.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலர் பிள்ளைகளின் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். இல்லம் தேடிச் செல்லுதல் ஆயர் பணியின் தொன்மையான இலக்கணமன்றோ? அதனை அரசு திருச்சபைக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே, இனியொரு நோய்க்காலம் வருமுன், கைப்பேசியில்லா வீடுகள் எவை, அவ்வீட்டார் பேசும் மொழி யாது, வாசல்வரை செல்பவர் யார் என்பவற்றை ஒவ்வொரு பள்ளியும் குறித்து வைத்தல் கடமையாகும்.