பயிற்சியும் பார்வையாளரும்: கூத்துப்பட்டறையின் நடிகர் உருவாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ந. முத்துசாமி 1977இல் சென்னையில் நிறுவிய கூத்துப்பட்டறை, நவீனத் தமிழ் நாடகத்திற்கென முழுநேர நடிகர்களைப் பயிற்றுவிக்க முனைந்த குழுக்களுள் முதன்மையானது. தெருக்கூத்திலிருந்து அது நடிகனின் உடலைப் பெற்றுக்கொண்டது; கூத்தின் பார்வையாளரைப் பெறவில்லை. இந்த இடைவெளி அதன் பயிற்சியிலும் மேடையேற்றத்திலும், அதன் நடிகர்கள் திரைத்துறைக்குச் சென்றதிலும் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூத்துப்பட்டறை, ந. முத்துசாமி, தெருக்கூத்து, நடிகர் பயிற்சி, நவீன நாடகம், புரிசை

பெயர்ப் பட்டியல் என்னும் அளவுகோல்

கூத்துப்பட்டறையைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகின்றன. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் என அப்பட்டியல் நீளும். அங்குக் கணக்கராகப் பணியாற்றிய விஜய் சேதுபதியும் அதில் தவறாமல் இடம்பெறுவார். பாராட்டாகவே சொல்லப்படும் இப்பட்டியல் ஒரு நாடகக் குழுவைத் திரைப்படத்தின் அளவுகோலால் அளக்கிறது. எந்த நாடகம், எந்த மேடையில், எவ்வாறு நிகழ்த்தப்பட்டது என்ற செய்தி அதில் இராது. இதைத் திறனாய்வின் சோம்பல் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. இத்தகைய பட்டியல் ஒன்று உருவாவதற்கான காரணம் பட்டறையின் அமைப்பிலேயே இருந்தது.

நாடகம் முன்னர், நடிகன் பின்னர்

சிறுகதையாசிரியராக அறியப்பட்ட முத்துசாமி, கூத்தைக் காண்பதற்கு முன்பே நாடகம் எழுதத் தொடங்கிவிட்டார். ‘நடை’ இதழில் வெளிவந்த ‘காலங்காலமாக’, அதனையடுத்து வந்த ‘அப்பாவும் பிள்ளையும்’, ‘நாற்காலிக்காரர்’ ஆகியவை இவ்வகையின. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை அவர் கண்டது 1970களின் நடுப்பகுதியில்தான். இந்தக் கால வரிசை போதிய கவனம் பெறவில்லை. கூத்தின் தாக்கத்தால் எழுதப்பட்டவை என்று அவருடைய நாடகங்கள் அனைத்தையும் ஒருசேரக் கூறுவது பிழையாகும். அவை எழுதப்பட்ட காலத்தில், அவற்றை நடிப்பதற்கு உரிய நடிகன் தமிழ் மேடையில் இல்லை.

அக்காலச் சென்னைச் சபா நாடகத்தின் நடிகன் ஒலிவாங்கியின் முன் நின்று வசனம் பேசுபவன். பேசிவிட்டுச் சிரிப்பொலி அடங்கும்வரை காத்திருப்பவன். முத்துசாமியின் வசனம் அவனுக்கு எதையும் தராது. சிறு சிறு தொடர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வது. சொன்னதையே சற்று மாற்றி மீண்டும் சொல்வது. கதை நகராமல் பேச்சு மட்டும் சுழல்வது. இவற்றைக் கண்டு ‘அபத்த நாடகம்’ என்று பெயரிட்டோர் பாதி மட்டுமே சரியாகக் கண்டனர். ஐரோப்பிய முன்மாதிரிகளின் சாயல் வடிவத்தில் உண்டு. ஆயின் பேச்சு காவிரிப் படுகையின் புஞ்சைக் கிராமத்துத் திண்ணைக்குரியது. ஒரு செய்தியைப் பத்துப் பேர் பத்து முறை சொல்லிச் சொல்லி வளர்க்கும் ஊர்ப்பேச்சின் இயல்பு அது. புஞ்சைக் கோயிலில் உறையும் இறைவனின் பெயரே பின்னாளில் ‘நற்றுணையப்பன்’ என்னும் நாடகத்தின் தலைப்பாயிற்று.

கூத்து தந்தது

கூத்து நடிகன் தலையில் முடியும் தோளில் புஜகீர்த்தியும் தாங்கி ஆடுபவன். மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த இக்கட்டைகளின் எடையோடு அவன் இரவு முழுவதும் ஆட வேண்டும். ஒலிவாங்கி இல்லாக் காலத்தில் திறந்தவெளியின் கடைசி வரிசைவரை கேட்கப் பாட வேண்டும். திரைக்குப் பின்னிருந்தே பாடத் தொடங்கித் தன் வரவைத் தானே அறிவிக்கிறான். கட்டியக்காரன் அவனை வினவுகிறான், கேலி செய்கிறான், பார்வையாளர் சார்பில் ஐயம் எழுப்புகிறான். அவன் பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துப் பாடுகின்றனர்.

இப்பின்பாட்டு இங்குத் தனியே நோக்கத்தக்கது. அது இசையழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அடவு வைத்து ஆடியவனுக்கு மூச்சு வாங்க ஓர் இடைவெளியை அது தருகிறது. கேளாதவர் மறுமுறை கேட்கவும் உதவுகிறது. கூத்தில் திருப்பிச் சொல்லுதல் உடலின் தேவையிலிருந்து பிறக்கிறது. முத்துசாமியின் வசனத்தில் ஏற்கெனவே இருந்த திருப்பிச் சொல்லுதலுக்குக் கூத்து ஓர் உடலியல் காரணத்தைக் காட்டியது எனலாம். அதுவரை தாளில் ஒரு மொழி உத்தியாகக் கிடந்தது, மூச்சும் காலடியும் உடைய ஒருவனால் செய்யப்படக்கூடிய செயலாக மாறிற்று. பட்டறையில் சிலம்பமும் கூத்தடவும் குரற்பயிற்சியும் இடம்பெற்றமைக்கும், தம்பிரானே அங்கு ஆசிரியராக வந்தமைக்கும் இதுவே பொருள். மரபைக் காப்பாற்றும் பணியாக இதைச் சித்திரிப்பது வழக்கம். மரபைவிட, தம் நாடகத்தை நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்ற நாடகாசிரியரின் நெருக்கடியே இங்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது.

பட்டறைக்குக் கிடைக்காதது

தொண்டை மண்டலத்தில் கூத்து பெரிதும் திரௌபதியம்மன் கோயில் விழாவைச் சார்ந்தது. பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும், இரவில் கூத்து. ‘அர்ச்சுனன் தபசு’ நாளன்று தபசு மரத்தின்மீது ஏறுபவன் கீழே எறியும் பிரசாதத்தைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஏந்துவர். இறுதியில் படுகளத்தில் மண்ணால் சமைத்த பெரிய துரியோதனன் உருவம் கிடத்தப்பட, பாஞ்சாலி கூந்தல் முடிவாள். செலவை ஊர் ஏற்கிறது. பார்வையாளர் கதையை அறிவர்; ஆடுபவனையும் அறிவர். நடுவில் உறங்கி, வேண்டிய கட்டத்தில் விழித்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இச்சூழலில் பயிற்சி என்பது ஆட்டத்திலிருந்து வேறான ஒன்றன்று. சிறுவயதில் குழுவோடு சென்று, சிறு வேடங்கள் கட்டி, பெண்வேடம் தாங்கி, பின்னர் தலைமை வேடத்திற்கு வருபவன் பார்வையாளர் முன்னிலையிலேயே பயிற்சி பெறுகிறான்.

பட்டறையில் இவ்வுறவு அறுபட்டது. பயிற்சி நாள்தோறும் நடந்தது. நாடகமோ சில காட்சிகளோடு முடிந்தது. மாதக்கணக்கில் உழைத்து ஆயத்தமான உடலைச் சென்னையில் ஒரு சிறு வட்டமே கண்டது. ஞாநியின் பரீக்ஷா (1978) போன்ற குழுக்களும் சிறு வட்டத்தினர் முன்பே இயங்கின. எனினும் அக்குழுக்களின் நடிகர்கள் வேறு பணி பார்த்துக்கொண்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள்; அவர்களையும் பார்வையாளரையும் சமூக அக்கறையும் விவாதமும் பிணைத்தன. கே. ஏ. குணசேகரன் தம் அரங்கிற்கு நாட்டார் பாடலை எடுத்துக்கொண்டபோது, அப்பாடலுக்குரிய மக்களின் வழக்கையும் சேர்த்தே மேடைக்குக் கொணர்ந்தார். ‘பலி ஆடுகள்’ யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் ஐயம் எழாது. பட்டறையின் நாடகங்களில் இக்கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

1980களின் பிற்பகுதியிலிருந்து கிடைத்த ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியையும் இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். பயிற்சி செய்வதற்கே நடிகனுக்கு ஊதியம் தருவது நவீனத் தமிழ் நாடகத்தில் மிக அரிது. அந்நியப் பணத்தை ஏற்கலாமா என்பது தேவையான கேள்விதான். ஆனால் அதனோடு கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு: நிதி நடிகனின் நேரத்தை வாங்கித் தந்தது, பார்வையாளரை யார் உருவாக்குவது?

திரைக்குச் சென்ற உடல்

நாடகப் பயிற்சி பெற்றோர் திரைக்குச் செல்வது தமிழில் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலான பாலர் நாடகக் குழுக்களே முற்காலத் தமிழ்த் திரைக்கு நடிகர்களைத் தந்தன. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. பாலர் குழுக்களுக்குச் சீட்டு வாங்கிப் பார்க்கும் திரளான கூட்டம் இருந்தது. பேசும் படம் வந்தபின் அக்கூட்டம் கொட்டகை மாறியது. நடிகர்கள் தம் பார்வையாளரைப் பின்தொடர்ந்து சென்றனர். பட்டறை நடிகர்கள் தமக்கு ஒருபோதும் வாய்க்காத பார்வையாளரைத் தேடிச் சென்றனர். இதனைத் துரோகம் என்றோ வெற்றி என்றோ பேசுவது பொருந்தாது.

திரையில் அவர்கள் செய்ததைக் கூர்ந்து நோக்கினால் மற்றொன்று புலப்படும். ‘விருமாண்டி’யிலும் (2004) ‘சார்பட்டா பரம்பரை’யிலும் (2021) பசுபதியின் ஆற்றல் பெரிதும் அடக்கத்தில் உள்ளது. குத்துச்சண்டை வாத்தியார் ரங்கனாக மேடைக்கு வெளியே இருந்து பார்க்கும் காட்சிகளில் அவர் ஏறத்தாழ அசைவதே இல்லை; மேடையில் நிகழும் தாக்குதல் அவருடைய கழுத்திலும் தாடையிலும் தெரிகிறது. ‘ஆரண்ய காண்டம்’ (2011), ‘ஜோக்கர்’ (2016) படங்களில் குரு சோமசுந்தரம் நொடிந்த மனிதனின் முதுகெலும்பை வேறுவேறு விதமாக வளைத்துக் காட்டுகிறார். உடலை அறிந்தவர்களால் மட்டுமே இது இயலும். அதே வேளையில், வெளியை நிரப்பும் குரலுக்கும் தரையை அதிரச் செய்யும் அடவுக்கும் கேமராவின் அண்மைக் காட்சியில் இடமில்லை. திரைத்துறை பயிற்சியின் பயனை எடுத்துக்கொண்டது. பயிற்சி எந்த வடிவத்தை நோக்கியதோ அந்த வடிவம் அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே பட்டறையின் கலை திரையில் வாழ்கிறது என்ற கூற்றை அப்படியே ஏற்க இயலாது. ‘சுவரொட்டிகள்’ என்று ஒரு நாடகம் எழுதியவரின் மாணவர்கள் பின்னர் சுவரொட்டிகளில் இடம்பெற்றதை அவரே ஒரு காட்சியாக எழுதியிருக்கக்கூடும்.

2018இல் முத்துசாமி மறைந்தார். அவருடைய நாடகங்களை இனி யார் நடிப்பது என்பது திறந்த கேள்வியாகவே உள்ளது. நடிகர்கள் விலகிச் செல்லுந்தோறும் புதியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டிய அமைப்பில் நிகழ்த்து நினைவு சேர்வதில்லை. கூத்துக் குழுவில் ஒரு வேடம் தந்தையிடமிருந்து மகனுக்கு, மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் செல்கிறது. பட்டறையிலோ பயிற்சிமுறை கைமாறியது, வேடம் கைமாறவில்லை. ‘நாற்காலிக்காரர்’ நாடகத்தை முப்பது ஆண்டுகள் ஆடித் தேர்ந்த ஒருவர் இன்று இருந்திருப்பின் அந்நாடகத்தைப் பற்றிய திறனாய்வே வேறாக இருந்திருக்கும்.

இதற்கிடையே, கண்ணப்பத் தம்பிரானின் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் விழா நடைபெற்று வருகிறது. நகரத்து நவீன நாடகக் குழுக்கள் அங்குச் சென்று, கூத்து பார்த்துப் பழகிய ஊராரின் முன் நிகழ்த்துகின்றன. நவீன நாடகம் முடிந்தபின் அதே களத்தில் விடியும்வரை கூத்து தொடர்கிறது. அங்கு அமர்ந்திருப்போர் கூத்து நடிகனையும் நகரத்து நடிகனையும் ஓர் இரவிலேயே அடுத்தடுத்துக் கண்டு ஒப்பிடக்கூடியவர்கள். நவீனத் தமிழ் நடிகனைப் பற்றிய அவர்களின் தீர்ப்பு இதுவரை ஆய்வுகளில் பதிவாகவில்லை.