வெள்ளக் கதைகளும் வழிபாடும்: ஒப்பீட்டின் பயனும் பிழையும்

1872 டிசம்பரில் லண்டனில் கூடிய அறிஞர் அவையொன்றில், நினிவேயில் கிடைத்த களிமண் பலகையின் வாசகத்தை ஜார்ஜ் ஸ்மித் படித்துக்காட்டினார். தெய்வத்தின் எச்சரிக்கையைக் கேட்டுக் கப்பல் கட்டியவன், அதில் உயிர்களை ஏற்றிக் காத்தவன், வெள்ளம் வடிகிறதா என்றறியப் பறவைகளைப் பறக்கவிட்டவன் ஒருவனின் கதை அதில் இருந்தது. அவன் நோவா அல்லன்; கில்காமேஷ் காவியத்தில் வரும் உத்னபிஷ்டிம். தொன்மங்களை அருகருகே வைத்து மதங்களை விளங்கிக்கொள்ளும் முறைக்கு அன்று பெரிய ஊக்கம் கிடைத்தது. அந்த முறை எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை வெள்ளக் கதைகளைக் கொண்டே எடைபோடலாம்.

முதல் பயன், எந்த மதத்தின் கதையும் தனித்து முளைக்கவில்லை என்று அது நிறுவியதுதான். காக்கையும் புறாவும் கில்காமேஷிலும் வருகின்றன, ஆதியாகமத்திலும் வருகின்றன. இத்தனை நெருக்கம் தற்செயலாக நேராது. அதைவிடப் பெரிய பயன், வேற்றுமை துலங்குவது. அத்ரஹாசிஸ் என்னும் பழைய மெசபடோமியக் கதையில், மனிதர் போடும் இரைச்சலால் தூக்கம் கெட்ட என்லில் வெள்ளத்தை அனுப்புகிறான். ஆதியாகமத்திலோ வெள்ளத்துக்குக் காரணம் மனிதரின் தீமை. முடிவில் வானவில்லை அடையாளமாக வைத்து இறைவன் உடன்படிக்கை செய்கிறார். கதை பழையது, இறைக்கொள்கை புதியது. ஒப்பிட்டுப் படித்ததால்தான் இந்தத் திருப்பம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

ஆனால் ஒற்றுமையைத் தேடும் கண் விரைவில் ஒற்றுமையை மட்டுமே காணப் பழகிவிடுகிறது. 1918இல் ஜேம்ஸ் ஃப்ரேசர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் வெள்ளக் கதைகளைத் திரட்டி வெளியிட்டார். அவ்வகைக் கதைகளில் பலவற்றைக் கேட்டு எழுதியவர்கள் கிறித்தவ மறைப்பணியாளர்கள். சொன்னவர்கள் நோவாவின் கதையை ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும். சொன்னவர் யார், எந்தச் சடங்கில், யாருக்காகச் சொன்னார் என்ற விவரங்கள் உதிர்ந்துபோய்க் கதைச்சுருக்கம் மட்டும் மிஞ்சியது. இன்னொரு பக்கம், மெசபடோமியாவின் ‘ஊர்’ என்னும் பழைய நகரை அகழ்ந்த லியோனார்ட் வூலி, 1929 வாக்கில் அங்கே கிடைத்த தடித்த வண்டல் படிவை நோவா கால வெள்ளத்தின் சான்றாகக் கருதினார். மற்ற நகரங்களின் வண்டல் படிவுகளோ வேறு வேறு காலத்தவை. தொன்மத்தை மண்ணடுக்கில் தேடுவோர், அது மக்களின் நம்பிக்கையில் என்ன வேலை செய்தது என்று கேட்கவே மறக்கிறார்கள்.

அந்தக் கேள்வியை சதபத பிராமணம் என்னும் வேத நூலில் கேட்டுப் பார்க்கலாம். மீன் மனுவைக் காக்கிறது. வெள்ளம் வடிந்ததும் மனு நெய், தயிர் முதலியவற்றை நீரில் ஆகுதியாக இடுகிறான். அதிலிருந்து இடா என்னும் பெண் தோன்றுகிறாள். வேள்வியில் இடா என்னும் படையல் ஏன் உண்டு என்பதை விளக்கவே அந்த நூலில் இக்கதை வருகிறது. இங்கே பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை. கும்பகோணத்தின் தலபுராணத்தில் ஊழிவெள்ளம் மறுபடி வேறொரு வேலை செய்கிறது. வெள்ளத்தில் மிதந்துவந்த அமுதகும்பம் அங்கே தங்க, வேடனாய் வந்த சிவன் அம்பெய்து அதை உடைக்கிறார். அமுதம் பரவிய இடம் தீர்த்தமாகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மகாமகக் குளத்தில் முழுகுவோருக்கு அந்த வெள்ளம் நீராடலுக்குப் பொருள் தரும் நிகழ்வு. ஆதியாகமக் கதையையும் சேர்த்து இம்மூன்றையும் ‘வெள்ளக் கதை’ என்று ஒரே பட்டியலில் எழுதினால், மூன்று மதவாழ்வுகளையும் ஒருசேர இழக்கிறோம்.

அதற்காகச் சடங்குதான் முதல், கதை அதற்குப் பின்வந்த விளக்கம் என்று 1889இல் ராபர்ட்சன் ஸ்மித் சொன்னதை முழுதும் ஏற்க முடியாது. கில்காமேஷில் வெள்ளக் கதை சாவை வெல்ல முடியுமா என்ற ஏக்கத்துக்கு விடையாக வருகிறது. அங்கே அதைச் சுமக்கச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை. சில தொன்மங்கள் வழிபாட்டைத் தாங்குகின்றன, சில சட்டத்தை, சில வெறும் மனித வேதனையை.

‘எல்லாம் இரவல்’ என்று இகழ்வோரும் ‘எல்லா மதமும் ஒன்றே சொல்கிறது’ என்று நெகிழ்வோரும் ஒற்றுமையோடு நின்றுவிடுகிறார்கள். இருவருமே அந்தக் கதையை நம்பி வாழும் மனிதரைக் கேட்கவில்லை. ஒப்பீட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஒற்றுமை கண்ட இடத்தில் ஆய்வைத் தொடங்க வேண்டும். அந்தக் கதையைச் சொல்லி மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.