வெளியே நிற்கும் மேளக்காரன்

மலேசியாவின் சாஆ ஊரில் எங்கள் தாமான் வீட்டு ஹாலில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்த அன்று பெரியப்பா வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தைப்பூசம் வந்தால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொள்வார். முதலில் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். அடுத்து உறுமி மேளம். இரண்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாடுறவரு இந்த நாற்காலியிலயே உக்காந்து பாடுறாப்புல இருக்கு. மேளக்காரன மட்டும் ஏன்டா வெளிய நிக்க வச்சிட்ட?”

சின்னப் பெட்டியின் பலமும் பலவீனமும் அந்தப் பேச்சுக்குள் முழுசாக இருக்கின்றன. இந்தப் பெட்டிகளை வடிவமைப்பவர்கள் எதை வேண்டும் என்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள், விட்டதை நம்மிடம் ஒளிக்காமல் சொல்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

விட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரின் ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98. அந்தப் பஞ்சமத்துக்குக் கீழ்ஒலி தரும் வூஃபரின் கூம்பு 1 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி 49 ஹெர்ட்ஸை அதே உரப்பில் ஒலிக்க, அந்தக் கூம்பு 4 மில்லிமீட்டர் நகர வேண்டும். கூம்பு பெரிதாக இருந்தால் இந்த ஓட்டம் குறையும். ஆனால் 5 அங்குல வூஃபரின் பரப்பு 8 அங்குல வூஃபரில் பாதிகூட இல்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சும்மா இராது; பெட்டி சிறுத்தால் அது இறுகிய ஸ்பிரிங் போலக் கூம்பைத் தடுக்கும். கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பேரில் ‘இரும்பு விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான கீழ்ஒலி, கொஞ்சம் மின்சாரத்தில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதை மறந்துவிட வேண்டும்.

1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், காற்றுப்புகாமல் மூடிய பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக்கி ஏஆர்-1 பெட்டியைச் செய்தார். அதுவரை நல்ல கீழ்ஒலிக்கு அலமாரி அளவில் பெட்டி வேண்டியிருந்தது. அவர் மூன்றாவதைக் கைவிட்டார். பெட்டி சிறுத்தது, மின்சாரம் கூடுதலாகத் தின்றது. நேர்மையான பேரம். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் பெட்டியின் கொள்ளளவு, வூஃபரின் குணம், பெட்டியில் காற்று போய்வரும் துளையின் நீளம் எல்லாவற்றையும் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடி அறுத்த காலம் போய், ஆணி அடிக்கும் முன்பே பெட்டி எந்த ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று தாளில் எழுத முடிந்தது.

எதை விடுவது என்று தெரிந்து செய்த பெட்டிக்கு உதாரணம் கேட்டால் பிபிசியின் எல்எஸ்3/5ஏ-வைத்தான் சொல்வேன். 1970களின் நடுவில், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்காக அவர்களே வடிவமைத்தது. வண்டிக்குள் இடம் கிடையாது. கேட்கிறவரின் காது பெட்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவர் கவனிப்பதும் பெரும்பாலும் பேச்சுக்குரலைத்தான். அதனால் கொள்ளளவு சுமார் 5 லிட்டர், 5 அங்குல வூஃபர், ஒரு ட்வீட்டர், மூடிய பெட்டி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 83 டெசிபல் அளவுதான் சத்தம். 89 டெசிபல் தரும் பெட்டிக்கு 10 வாட் போதுமான இடத்தில் இது 40 வாட் கேட்கும். பலகையிலும் ஊர்வழக்கத்துக்கு எதிரான முடிவு எடுத்தார்கள். தடித்த பலகைக்குப் பதில் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை. அதன் உட்புறத்தில் அதிர்வை விழுங்கும் கனமான அடுக்கு. பிபிசிப் பொறியாளர் ஹார்வுட்டும் அவரோடு இருந்தவர்களும் 1976இல் எழுதிய அறிக்கையில் அளவுகளை அடக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

மனிதக்குரல் அதில் உயிரோடு வந்தது. முகப்பு குறுகலானதால் ஒலி ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவது போலத் தோன்றும். கூம்பு சிறியதானதால் ஒலி பக்கவாட்டிலும் சீராகப் பரவும். கேட்கிறவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் பாடகர் இடம் மாறமாட்டார். எங்கள் சின்னப் பெட்டிகளிலும் பெரியப்பாவுக்கு நாற்காலியில் பாடகர் தெரிந்தது இதனால்தான்.

ஆனாலும் அந்தப் பெட்டியிலும் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலி கொஞ்சம் உப்பியிருக்கும். ஆழம் இல்லாத குறையை அந்த உப்பல் மறைக்கும், காது ஏமாந்துபோகும். காதும் ஏமாறத் தயாராகத்தான் இருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிதாரின் அடிச்சுரம் பெட்டியிலிருந்து வராவிட்டாலும், அதன் மேல்சுரங்களைப் பிடித்துக்கொண்டு மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். அதனால்தான் கையடக்க ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்களுக்குக்கூட அந்த பேஸ் வரிகள் மனப்பாடம். உறுமியிடம் இந்த ஏமாற்று அவ்வளவாகப் பலிக்காது. வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது இறங்கிப் போகும் அந்த முனகலுக்குக் காற்றே நகர வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போதும் இதே கதை.

பிபிசிக்காரர்கள் வண்டிக்காகச் சாமர்த்தியமாகச் செய்த சின்ன உப்பலை, பின்னால் வந்தவர்கள் வீட்டுக்கே வழக்கமாக்கிவிட்டார்கள். பெட்டியின் பின்னால் ஒரு துளை. அந்தத் துளைக்காற்றின் அதிர்வில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. கடையில் இரண்டு நிமிடம் கேட்டால் “அடேயப்பா” என்போம். துளையைச் சுருதி சேர்த்த எல்லைக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடி கிடையாது. ஒலி மூடிய பெட்டியைவிட இரு மடங்கு செங்குத்தாக விழும். இப்போது வரும் கம்பியில்லாப் பெட்டிகள் கணினிச் சில்லு வைத்துக் கீழ்ஒலியைத் தூக்கிவிட்டு, இரும்பு விதியையே உடைத்துவிட்டதாகப் பேசுகின்றன. உடைக்கவில்லை. கைவிட்டது மின்சாரச் சிக்கனத்தை. ஒலியைக் கூட்டக் கூட்ட, கூம்பு கிழியாமலிருக்கச் சில்லு கீழ்ஒலியைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வரும். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளின் பேச்சை மீறிப் பாட்டு வைத்துப் பாருங்கள், தெரியும்.

இந்தப் பெட்டிகளின் பெயரிலேயே எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘புக்‌ஷெல்ஃப்’ என்று பெயர் வைத்துவிட்டு, கூட வரும் தாளில் சுவரிலிருந்து தள்ளி ஸ்டாண்டில் வைக்கச் சொல்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 19 சென்டிமீட்டர் அகல முகப்பில் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி முன்னோக்கி வரும். அதற்குக் கீழே இறங்க இறங்க ஒலி பெட்டியைச் சுற்றிக்கொண்டு நாலாபுறமும் போய்விடும். முன்னால் இருப்பவருக்கு 6 டெசிபல் வரை நஷ்டம். அதைச் சரிக்கட்ட, ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவரில் மேல்பகுதியை அடக்குவார்கள். அப்படிச் செய்த பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் சுவரும் தன் பங்குக்குக் கீழ்ஒலியைத் திருப்பித் தரும். ஒரே குறைக்கு இரண்டு மருந்து. குரல் பானைக்குள்ளிருந்து வரும்.

எங்கள் ஊர் டெரஸ் வீட்டு ஹாலில் தொலைக்காட்சி மேசைக்கும் சாமி மேடைக்கும் நடுவே ஸ்டாண்டுக்கு எங்கே இடம்? தரை முழுக்க டைல்ஸ், சுவர் சிமெண்ட், கம்பளம் கிடையாது. 12 அடி அகல ஹால் என்றால் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த அறையே ஒரு சுரத்தைப் பாடும். கனடாவில் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கண்ணுக்குப் பெட்டி தெரியாதபடி வைத்து நடத்திய கேட்புச் சோதனைகளில், முன்னால் சீராகவும் பக்கங்களிலும் அதே சாயலாகவும் ஒலிக்கும் பெட்டிகளையே மக்கள் விரும்பினார்கள். எதிரொலிக்கும் எங்கள் ஹால்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், சின்னப் பெட்டிக்கு இது சாதகமும்கூட. ஆனால் சுவரில் ஒட்டி வைத்தால் ஒலி எப்படி மாறும் என்ற வரைபடத்தைப் பெட்டியோடு பெரும்பாலும் யாரும் தருவதில்லை. நான் மகளின் பள்ளிக் காலுறையைச் சுருட்டிப் பின்துளையில் செருகினேன். பானைச் சத்தம் பாதி குறைந்தது. “மேளக்காரன் வாசப்படி வரைக்கும் வந்துட்டான்” என்றார் பெரியப்பா.

வடிவமைப்பாளர்கள் நினைத்தே பார்க்காத இன்னொன்று ஈரம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு ஜோடிப் பெட்டிகளின் முகப்பு வலையை ஒருநாள் கழற்றினேன். கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையத்தை விரலால் தொட்டதும் நனைந்த அப்பளம் போல ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. உள்ளே காந்தம், சுருள், கூம்பு மூன்றும் பழுதில்லை. பாலியூரித்தேன் நுரையைக் காற்றின் ஈரம் மெல்லத் தின்றிருந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு இந்த வளையத்தை அனுப்புவது பிழை என்றே சொல்வேன். எல்எஸ்3/5ஏ வூஃபரில் நியோபிரீன் வளையம் போட்டிருந்தார்கள். அது செயற்கை ரப்பர். எங்கள் மரத்துப் பாலில் செய்த ரப்பர் ஓசோனிலும் வெயிலிலும் வெடித்துவிடுவதால் இந்த வேலைக்கு அதைப் பெரிதாக நம்புவதில்லை.

எங்கள் மரம் வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது. பால் வற்றிய ரப்பர் மரத்தை ஒருகாலத்தில் விறகாக எரித்தார்கள். இப்போது மூவாரில் மேசை நாற்காலி ஆகிறது, ஆலைகளில் நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் ஆகிறது. சின்னப் பெட்டிக்கு அது நல்ல பலகை; சிறிய துண்டுகள் இறுக்கமாக நிற்கும், விரல் மடக்கித் தட்டினால் மொத்தென்று அடங்கும். அறுத்த விளிம்பில் பூச்சு இல்லையென்றால் ஈரம் குடித்துப் புண்போல வீங்கும். நான் விளிம்புகளில் வெள்ளைப் பசையை இரண்டு முறை தேய்த்துக் காயவிட்டுத்தான் வண்ணம் அடிக்கிறேன். ஆலைப் பெட்டிகளில் பெரும்பாலும் முகப்பிலும் பக்கங்களிலும் அழகான தாள் ஒட்டியிருக்கும். ஸ்குரு துளையும் பின்துளையின் விளிம்பும் பச்சைப் பலகை.

அட்டைப்பெட்டியில் எத்தனை வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வளையம் நுரையா ரப்பரா என்று எங்கும் இல்லை. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது வலையைக் கழற்றித் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். இப்போது சில பெட்டிகளில் வலையையும் கழற்ற முடியாதபடி ஒட்டி அனுப்புகிறார்கள்.