வலம்புரியா இடம்புரியா: ஒரு லோகோவும் அதற்கு வந்த கருத்துகளும்

நாகர்கோவிலில் லோகோ, பிளக்ஸ், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் வடிவமைக்கும் நண்பர் ஒருவர், திசு வளர்ப்பு வாழைக்கன்று விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு லோகோ செய்தார். லோகோவின் மூன்று வடிவங்களையும், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கருத்துகளையும் எனக்குக் காட்டினார். பெயர்கள் வேண்டாம். லோகோவைவிட அந்தக் கருத்துகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. கவிதையை, சினிமாவை விமர்சிக்கிறோம். ஒரு படைப்பையே மாற்றிவிடுகிற ஃபீட்பேக்கை யாரும் விமர்சிப்பதில்லை.

முதல் வடிவம் எளிமையானது. ஒரு வட்டம், அதற்குள் இன்னும் விரியாத வாழைக்குருத்து. அதற்கு வந்த கருத்து: "டி.என்.ஏ. எங்க? பயோடெக்னு பாத்ததும் தெரியணும்லா." இரண்டாவதில் குருத்து இலையாகச் சுருங்கி, டி.என்.ஏ. சுருள் வந்து ஏறிக்கொண்டது. "பச்சையக் கூட்டுங்க, கொஞ்சம் நீலமும் வரட்டும். சுருள் வலது பக்கமாத் திரும்பட்டும், வலம்புரி மாதிரி." மூன்றாவதுக்கு: "பேரு பெருசா வேணும். வீட்ல காட்டினேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கல."

இதைப் படித்துவிட்டு கிளையன்டைக் கிண்டல் செய்வது சுலபம். டிசைனர்கள் கூடினால் அதுதான் பேச்சு. ஆனால் இதில் இரண்டு கருத்துகளை நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, "டி.என்.ஏ. எங்க?" திசு வளர்ப்பில் மரபணுவை யாரும் மாற்றுவதில்லை. நல்ல தாய்மரத்தின் கன்றை எடுத்து, மட்டைகளை உரித்து, உள்ளே இருக்கும் குருத்து நுனியை நறுக்கி, கிருமி நீக்கிய ஊடகத்தில் வளர்க்கிறார்கள். ஒன்று பலவாகும். வேர்விட்டதும் நிழல்கூடத்தில் பழக்கி, பாலித்தீன் பையில் வைத்து விற்கிறார்கள். தாய்மரத்துக்கு வைரஸ் இல்லை என்று சோதித்திருந்தால், முடிக்கொத்து நோய் பையோடு சேர்ந்து தோட்டத்துக்கு வராது. கிழங்கில் ஒட்டிவரும் கூன்வண்டும் நூற்புழுவும்கூட வராது. விவசாயி காசு கொடுப்பது இதற்காகத்தான்.

அந்தப் பையின் மேல் டி.என்.ஏ. சுருளை அச்சடித்தால் தோவாளையிலோ பூதப்பாண்டியிலோ ஒருவர் என்ன கேட்பார்? "அண்ணாச்சி, இது மரபணு மாத்துன கன்னா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2002இல் பி.டி. பருத்தி வந்ததும், 2010இல் பி.டி. கத்தரியை மத்திய அரசு நிறுத்திவைத்ததும் எல்லாரும் பேசிய விஷயம். 2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'எங்கள் ஊர் பழம்' என்பதுதான் அதன் மதிப்பு. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அது. அந்த மட்டிக் கன்றை விற்கிறவர், தான் செய்யாத வேலையின் படத்தை ஏன் பையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்? இங்கே ஃபீட்பேக் லோகோவை அழகாக்கவில்லை, பொய்யாக்கியது.

இரண்டாவது, "வலது பக்கமாத் திரும்பட்டும்." இதை வாஸ்து நம்பிக்கை என்று நண்பர் எடுத்துக்கொண்டார். உண்மையில் அறிவியலும் இதையே சொல்கிறது. உயிரணுவில் பெரும்பாலும் இருக்கும் டி.என்.ஏ. வலச்சுருள்தான். சாதாரண மர ஸ்குரூவைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் தெரியும் வரிகள் இடக்கீழிருந்து வலமேலாக ஏறும். டி.என்.ஏ.வும் அப்படித்தான் ஏற வேண்டும். நண்பர் இணையத்தில் வாங்கிய படம் இடச்சுருள். கருத்தைப் படித்ததும் அதை 180 டிகிரி திருப்பி வைத்தார். ஸ்குரூவைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே ஸ்குரூதான். கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டினால்தான் இடம் வலமாகும். கிளையன்ட் உயிர்தொழில்நுட்பம் படித்தவர். திருப்பிய படத்தைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டார்.

வலம்புரியே குழப்பமான உதாரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாம் வலம்புரி என்னும் அபூர்வச் சங்கை விலங்கியலாளர் இடச்சுருள் என்பார்கள். அவர்கள் கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பார்கள், வாய் இடப்பக்கம் வரும். நாம் நுனியைக் கீழே வைக்கிறோம், வாய் வலப்பக்கம் வரும். கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்கும் சாதாரணச் சங்குதான் ஸ்குரூவைப் போல வலச்சுருள். ஆக, வலம்புரி மாதிரி வேண்டும் என்றவர் கேட்டது, அவருக்கே தெரியாமல், தப்பான டி.என்.ஏ.!

இது நாகர்கோவிலில் மட்டும் நடப்பதில்லை. தாமஸ் ஷ்னைடர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இடச்சுருளாக வரையப்பட்ட டி.என்.ஏ. படங்களைப் பல ஆண்டுகள் சேகரித்துப் பட்டியலிட்டார். அறிவியல் இதழ்கள், பாடநூல்கள், பயோடெக் விளம்பரங்கள் என்று அது நூற்றுக்கணக்கில் போகும். எளிமைப்படுத்துவது வேறு, தப்பாக்குவது வேறு. லோகோவில் பள்ளங்களை விடலாம், படிகளைக் குறைக்கலாம். எந்த இழை மேலே, எது கீழே என்று காட்டாமல் தட்டையாகவே வரையலாம், அப்போது இந்தப் பிரச்சினையே இல்லை. காட்டுவதென்றால் சரியாகக் காட்டவேண்டும்.

அந்தப் படத்தை முதலில் உலகம் பார்த்தது 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில். வரைந்தவர் ஓடில் கிரிக், பிரான்சிஸ் கிரிக்கின் மனைவி. மனித உருவங்களை வரையும் ஓவியர், விஞ்ஞானி அல்ல. இரண்டு நாடா, நடுவே படிகள், ஒரு செங்குத்துக்கோடு, அவ்வளவுதான். சுருள் சரியாக வலப்பக்கம் ஏறியது. என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் அதைத் தெளிவாகச் சொன்னார்கள், வரையத் தெரிந்தவர் வரைந்தார். நல்ல ஃபீட்பேக்குக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

டிசைனர்கள் சொல்லும் கதை வேறு. 1986இல் பால் ராண்ட், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு 1 லட்சம் டாலருக்கு லோகோ செய்தார். சில மாதிரிகள் தருவீர்களா என்று கேட்ட ஜாப்ஸிடம், ஒன்றுதான் தருவேன், பயன்படுத்துவது உங்கள் விருப்பம், பணம் மட்டும் தந்துவிட வேண்டும் என்றார். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பயோடெக்கில் இது உதவாது. இங்கே கிளையன்டுக்குத் தெரிந்த விஷயம் டிசைனருக்குத் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டால் தப்பு அச்சாகிவிடும்.

என் குறை, கிளையன்ட் தலையிட்டார் என்பதல்ல. தலையிட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தலையிட்டார் என்பதுதான். பச்சை எவ்வளவு என்பதை டிசைனர் பார்த்துக்கொள்வார். எங்கள் வேலை என்ன, எது செய்யமாட்டோம், வாங்குகிறவருக்கு என்ன பயம், பையில் ஒரே மையில் அச்சாகுமா, ரப்பர் முத்திரையில் கட்டைவிரல் அளவில் தெரியுமா, இதெல்லாம் கிளையன்ட் சொல்லவேண்டியவை. அந்த வாட்ஸ்அப் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நண்பரும் கேட்கவில்லை.

பயோடெக் என்று பார்த்ததும் தெரியணும் என்றார்கள் அல்லவா? முதல் வடிவத்தில் அது இருந்தது. அவர்களுடைய ஆய்வகத்தில் கத்தி படுவது வாழையின் குருத்து நுனியில்தான். விரியாத வாழைக்குருத்தும் ஒரு சுருள்தான். ஒரே மையில் அச்சடிக்கலாம், எந்த விவசாயியும் பயப்படமாட்டார். முதல் வடிவத்தின் ஃபைலை அழித்துவிட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.